நிண்டெண்டோவின் புதுமைகள்: கண்டுபிடிப்பா, கண்கட்டு வித்தையா?

2011-ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ, கையடக்கமான வீடியோ விளையாட்டுக் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 3டி.எஸ். தனிக் கண்ணாடி எதுவும் அணியாமலே அதன் திரையில் படங்களை முப்பரிமாணத்தில் காணலாம். மலை தொலைவில் நிற்கும். பந்து அருகில் மிதக்கும். பெயரில் இருந்த 3 என்ற எண்ணே அந்த அதிசயத்தைப் பறைசாற்றியது.

இரண்டே ஆண்டுகள் சென்றன. 2013-இல் அதே நிறுவனம் '2டி.எஸ்.' என்றொரு கருவியை வெளியிட்டது. விளையாட்டுகள் அவையேதான். முப்பரிமாணக் காட்சி மட்டும் இல்லை, விலையும் குறைவு. மக்கள் அதையும் வாங்கினார்கள், மகிழ்ச்சியாகவே விளையாடினார்கள்.

அப்படியானால் முன்னது வெறும் வித்தைதானா? 'ஆம்' என்று சொல்பவர்கள் பலர். 'நிண்டெண்டோ செய்வதெல்லாம் இப்படித்தான். ஒரு முறை இரண்டு திரை, ஒரு முறை ஆட்டும் குச்சி, ஒரு முறை அட்டைப் பெட்டி. எல்லாம் கண்கட்டு வித்தை' என்பது அவர்கள் வாதம். 'இல்லை, இன்று எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தும் பல உத்திகளுக்கு வழிகாட்டியது அந்த நிறுவனமே' என்பது எதிர்வாதம்.

விளையாட்டுச் சாமானைப் பற்றிய சில்லறை வழக்கு என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். நம் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கருவியும் 'புத்தம் புதியது' என்ற முத்திரையோடுதான் வருகிறது. அதில் எது உண்மையான புதுமை, எது பகட்டு என்று பிரித்தறிய நமக்கு ஓர் உரைகல் வேண்டும். நிண்டெண்டோவின் வரலாறு அந்த உரைகல்லை நமக்குத் தருகிறது. எப்படி என்று பார்ப்போம்.

சீட்டுக் கட்டிலிருந்து...

நிண்டெண்டோ 1889-ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோத்தோ நகரில் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் ஏது வீடியோ விளையாட்டு? மலர்ப் படங்கள் கொண்ட 'ஹனஃபுடா' என்னும் ஆட்டச் சீட்டுகளைத்தான் அது தயாரித்து வந்தது.

1965-இல் குன்பெய் யோக்கோய் என்னும் இளம் பொறியாளர் அங்கு வேலைக்குச் சேர்ந்தார். சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் பணி. ஓய்வு நேரத்தில், குறுக்குச் சட்டங்களால் ஆன, கத்தரிக்கோல் போல் விரிந்து நீளும் கை ஒன்றைப் பொழுதுபோக்காகச் செய்தார். நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைப் பார்த்துவிட்டார். கண்டிக்கவில்லை, அதையே விற்பனைப் பொருளாக்கச் சொன்னார்! 1966-இல் வெளிவந்த அந்தப் பொம்மை பத்து இலட்சத்திற்கும் மேல் விற்றது.

அதில் புதிய பாகம் ஏதேனும் உண்டா? இல்லை. சட்டமும் ஆணியும் உலகம் அறிந்தவை. புதியது அவற்றைப் பயன்படுத்திய விதமே. பின்னாளில் யோக்கோய் தம் கொள்கைக்கு ஒரு பெயர் வைத்தார். 'வாடிப்போன தொழில்நுட்பத்தை வேறு கோணத்தில் சிந்திப்பது' என்பது அதன் பொருள். வாடிப்போனது என்றால் பயனற்றது என்பதல்ல. பழகித் தேர்ந்தது, மலிவானது, அதன் குறைநிறைகள் எல்லாம் தெரிந்தது என்று கொள்க.

1970-களின் பிற்பகுதியில் பைக் கணக்குப்பொறிகள் பெருவாரியாக உற்பத்தியாகி, அவற்றின் சில்லுகளும் நீர்மப் படிகத் திரைகளும் மலிவாகிவிட்டன. இரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கணக்குப்பொறியின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு யோக்கோய்க்கு ஓர் எண்ணம் பிறந்தது என்பார்கள். அதே சில்லு, அதே திரை. ஆனால் எண்களுக்குப் பதிலாகத் திரையில் ஒரு குட்டி மனிதன் பந்து பிடிப்பான். 1980-இல் வெளிவந்த 'கேம் அண்டு வாட்ச்' இப்படித்தான் உருவாயிற்று.

கட்டைவிரலுக்கு ஒரு கூட்டல் குறி

இந்தச் சிறு கருவியில் ஒரு சிக்கல் எழுந்தது. கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரங்களில், உருவத்தை நான்கு திசைகளிலும் நகர்த்த ஒரு நெம்புகோல் துருத்திக்கொண்டிருக்கும். மடித்துச் சட்டைப் பையில் வைக்கும் கருவியில் அதற்கு இடமேது? நான்கு திசைகளுக்கும் நான்கு தனிப் பொத்தான்கள் வைத்தால், எது எந்தப் பொத்தான் என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.

1982-இல் வந்த 'டாங்கி காங்' என்னும் மடிப்புக் கருவியில் யோக்கோய் இதற்கு விடை கண்டார். கூட்டல் குறி வடிவில் ஒரே பிளாஸ்டிக் துண்டு. அதன் நடுவில் ஒரு முனை தாங்கி நிற்கிறது. ஒவ்வொரு கையின் அடியிலும் ஒரு ரப்பர் குமிழும் ஒரு மின்தொடுமுனையும் உள்ளன. வலக்கையை அழுத்தினால் அது தாழும், இடக்கை மேலெழும். எனவே எதிரெதிர்த் திசைகளை ஒருசேர அழுத்த முடியாது. கட்டைவிரல் நடுவில் தங்கியபடியே, கண்ணின் உதவியின்றித் திசையை உணர்கிறது.

இதில் பளபளப்பு ஏதும் இல்லை. விளம்பரத்தில் காட்டி வியக்கவைக்கவும் முடியாது. ஆனால் இதை எடுத்துவிட்டால் விளையாட்டே நின்றுவிடும். பிற நிறுவனங்களும் இதன் வெவ்வேறு வடிவங்களைத் தத்தம் கருவிகளில் அமைத்துக்கொண்டன. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அது மறையவில்லை.

வண்ணமா, மின்கலமா?

1989-இல் நிண்டெண்டோவின் 'கேம் பாய்' வந்தது. அதன் திரையில் வண்ணம் இல்லை. பச்சை கலந்த சாம்பலில் நான்கே சாயல்கள். திரைக்குப் பின் விளக்கும் இல்லை. அதே ஆண்டில் அட்டாரி நிறுவனத்தின் 'லிங்க்ஸ்', அடுத்த ஆண்டில் சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' ஆகியவை கண்ணைப் பறிக்கும் வண்ணத் திரையோடு வந்தன. பார்த்தவர்கள், 'கேம் பாய் தொலைந்தது' என்றே நினைத்திருப்பார்கள்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளிரும் வண்ணத் திரை மின்சாரத்தை விழுங்கும். கேம் கியரில் ஆறு மின்கலங்கள் போட்டால் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் ஓடும். கேம் பாயோ சூழ்ந்திருக்கும் வெளிச்சத்தைக் கொண்டே படம் காட்டியதால், நான்கு மின்கலங்களில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியது. அமெரிக்காவில் அதன் விலை சுமார் 90 டாலர். லிங்க்ஸின் விலை சுமார் 180 டாலர். அங்கு அதனுடன் சேர்த்துத் தரப்பட்ட 'டெட்ரிஸ்' விளையாட்டில், மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்க வேண்டும். அதற்கு வேண்டியது வடிவம்தான், வண்ணம் அன்று.

கேம் பாயும் அதன் பிற்கால வண்ண வடிவமும் சேர்ந்து சுமார் 11 கோடியே 87 இலட்சம் விற்றன. பயணத்தில் எடுத்துச் செல்லும் கருவிக்கு எது இன்றியமையாதது என்ற கேள்விக்குச் சரியான விடை கண்டதே இங்குள்ள புதுமை.

ஊதுவத்தியும் ஒரு தோல்வியும்

இதைப் படித்ததும், 'மலிவான பழைய பாகம் + புதிய கோணம் = வெற்றி' என்று ஒரு சூத்திரம் எழுதிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அதே யோக்கோய், அதே கொள்கையின்படி 1995-இல் உருவாக்கிய 'வர்ச்சுவல் பாய்' படுதோல்வி அடைந்தது.

அது செயல்பட்ட விதம் அழகானது. இருட்டறையில் எரியும் ஊதுவத்தியை வேகமாகச் சுழற்றினால் நெருப்பு வளையம் ஒன்று தெரியும் அல்லவா? இதற்குப் பார்வை நீடிப்பே காரணம். வர்ச்சுவல் பாயில் ஒவ்வொரு கண்ணுக்கும் 224 செந்நிற ஒளியுமிழ் டையோடுகள் ஒரே நெடுவரிசையில் இருந்தன. அவற்றின் ஒளி, வினாடிக்கு 50 முறை அதிரும் ஒரு சிறு கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. கண்ணாடி அசைய அசைய, அந்த ஒற்றைக் கோடு பக்கவாட்டில் பரவி முழுப் படமாயிற்று. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்கள் காட்டப்பட்டதால் ஆழமும் தெரிந்தது. சிவப்பு டையோடு அன்று மலிவானது, மின்சாரமும் குறைவாகவே கொள்வது. ஆகவே படம் முழுதும் சிவப்பும் கருப்புமே!

பயன்படுத்துபவர் என்ன பெற்றார்? மேசைமேல் நிறுத்திய கருவிக்குள் முகத்தைப் புதைத்துக் குனிந்திருக்க வேண்டும். கையில் எடுத்துச் செல்ல முடியாது. அருகில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பயன்படுத்தலாகாது என்ற எச்சரிக்கை வேறு. இத்தனையும் பொறுத்துக்கொண்டு ஆடினாலோ, பல விளையாட்டுகள் பழைய தட்டைத் திரை விளையாட்டுகளைப் போலவே இருந்தன. ஆழம் பார்வைக்கு வந்ததே தவிர, ஆட்டத்துக்குள் வரவில்லை. ஓராண்டுக்குள் விற்பனை நிறுத்தப்பட்டது. விற்றவை சுமார் 7 இலட்சத்து 70 ஆயிரம் மட்டுமே.

ஒரே மனிதர், ஒரே கொள்கை; ஒன்று வெற்றி, மற்றொன்று தோல்வி. எனவே 'இவர் புதுமையாளர்', 'இவர் வித்தைக்காரர்' என்று ஆளுக்கோ நிறுவனத்துக்கோ முத்திரை குத்துவது பயன் தராது. ஒவ்வொரு கருத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

ஆட்டும் குச்சியின் உள்ளே

2006-இல் வந்த 'வீ' என்னும் கருவியை இப்போது சோதிப்போம். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் இக்கருவியின் கைப்பிடி ஒரு குச்சி போன்றது. அதை டென்னிஸ் மட்டையாகப் பாவித்து வீசினால் திரையிலும் மட்டை வீசும்.

குச்சிக்குள் ஒரு முடுக்கமானி உள்ளது. பேருந்தில் நின்றுகொண்டு செல்லும்போது ஓட்டுநர் திடீரெனத் தடை போட்டால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? அதே தத்துவம்தான். சிலிக்கான் சில்லுக்குள் நுண்ணிய பொருள் ஒன்று, நுண்ணிய விற்சுருள்களில் தொங்குகிறது. சில்லு முடுக்கமடையும்போது அது சற்றே பின்தங்குகிறது. அதனால் அருகிலுள்ள மின்தகடுகளின் இடைவெளி மாறி, மின்தேக்குதிறன் மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்தால் முடுக்கம் தெரிந்துவிடும். குச்சி அசையாதிருக்கும்போது புவியீர்ப்பின் திசையை உணர்வதால், தச்சரின் ரசமட்டம் போலச் சாய்வையும் அது காட்டும். மோதலின்போது காரின் காற்றுப்பையை விரியச் செய்ய, இவ்வகைச் சில்லுகள் 1990-களிலேயே பயன்பட்டு வந்தன. இதுவும் 'வாடிய' தொழில்நுட்பமே!

குச்சியால் திரையைச் சுட்டுவதற்கு வேறொரு வழி இருந்தது. தொலைக்காட்சியின்மேல் ஒரு பட்டை வைக்கப்படும். அதன் இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே உண்டு. பார்ப்பது பட்டை அன்று, குச்சியின் முனையிலுள்ள சிறு ஒளிப்படக் கருவி. இரண்டு ஒளிப்புள்ளிகளும் எங்கே தெரிகின்றன என்பதைக் கொண்டு, குச்சி எங்கே சுட்டுகிறது என்று கணக்கிடப்படும். பட்டைக்குப் பதில் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாலும் இது வேலை செய்யும்.

பொத்தான்களைக் கண்டு மிரண்டு ஒதுங்கியிருந்த முதியவர்கள்கூட இந்தக் குச்சியைக் கையில் எடுத்தார்கள். மட்டையை எப்படி வீசுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 'வீ' சுமார் 10 கோடியே 16 இலட்சம் விற்றது.

ஆனால் இதே குச்சியை வேறு பல விளையாட்டுகள் எப்படிப் பயன்படுத்தின தெரியுமா? முன்பு பொத்தானை அழுத்திச் செய்த செயலைக் குச்சியைக் குலுக்கிச் செய்யவைத்தன, அவ்வளவே. குலுக்கியவரின் கை வலித்ததே மிச்சம். ஒரே பாகம், ஒரு விளையாட்டில் கண்டுபிடிப்பு. மற்றொன்றில் வெறும் வித்தை! குறையும் இல்லாமல் இல்லை. கையை வீசும்போது முடுக்கமானியால் புவியீர்ப்பையும் வீச்சையும் பிரித்தறிய முடியாது. சுழற்சியை நேரடியாக அளக்கும் கைரோஸ்கோப் 2009-இல் துணைக்கருவியாக வந்து சேர்ந்த பிறகே, கையின் திருப்பங்கள் சரியாகப் பதிவாயின.

வீயின் மற்றொரு துணைக்கருவியையும் சொல்ல வேண்டும். ஏறி நின்று உடற்பயிற்சி செய்வதற்கான பலகை அது. அதன் நான்கு மூலைகளிலும் எடையுணரிகள் உள்ளன. நான்கின் அளவுகளையும் ஒப்பிட்டால் உடலின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை ஆய்வுக்கூடத்தின் விலையுயர்ந்த அளவு மேடையோடு ஒப்பிட்டனர். நிற்கும்போது உடல் தள்ளாடுவதை அளக்க இது நம்பத்தகுந்ததே என்று 2010-இல் வெளியிட்டனர். விளையாட்டுச் சாமான் ஒன்று அளவுக் கருவியாகவும் தேறிவிட்டது.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால்

தொடக்கத்தில் கண்ட 3டி.எஸ்.-க்குத் திரும்புவோம். ஜன்னல் கம்பிகளின் வழியே வெளியே பாருங்கள். ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றதை மூடுங்கள். கம்பி மறைக்கும் இடம் கண்ணுக்குக் கண் மாறுகிறது. 3டி.எஸ். திரையிலும் இப்படி நுண்ணிய 'கம்பிகள்' கொண்ட ஒரு தடுப்பு உண்டு. இடக்கண்ணுக்குரிய படமும் வலக்கண்ணுக்குரிய படமும் மெல்லிய கீற்றுகளாக மாறி மாறி அமைந்திருக்கும். ஒரு கண்ணுக்குரிய கீற்றுகளை மற்றக் கண்ணிடமிருந்து தடுப்பு மறைத்துவிடும். இம்முறைக்கு அமெரிக்கரான பிரெடெரிக் ஐவ்ஸ் 1903-இலேயே காப்புரிமை பெற்றார்.

இது நன்றாகவே வேலை செய்தது. 2011-இல் வந்த 'சூப்பர் மாரியோ 3டி லேண்ட்' விளையாட்டில், தாவ வேண்டிய கட்டை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிக்க ஆழம் உதவவும் செய்தது. பின் ஏன் அது இன்றியமையாததாக ஆகவில்லை?

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது வேண்டாம் என்று நிறுவனமே எச்சரித்திருந்தது. தலை சற்று விலகினாலும் முதலில் வந்த கருவிகளில் படம் இரண்டாகப் பிரிந்துவிடும். எனவே வேண்டாதவர் முப்பரிமாணத்தை நிறுத்திவிட ஒரு நகர்த்தி வைக்கப்பட்டது. நிறுத்தக்கூடிய ஒன்றை நம்பி யார் விளையாட்டு அமைப்பார்கள்? ஆழம் தெரியாதவரும் ஆடியாக வேண்டுமே! ஆகவே ஆழம் என்றும் அலங்காரமாகவே இருக்க நேர்ந்தது. 2டி.எஸ். வந்தபோது விளையாட்டுகள் எவ்வித மாற்றமும் இன்றி அதில் ஓடியதற்குக் காரணம் இதுவே.

2012-இல் வந்த 'வீ யூ' கருவிக்கும் இதே கதி. அதன் கைப்பிடியில் ஒரு தொடுதிரை இருந்தது. பல விளையாட்டுகள் அதில் காட்டியது வரைபடம் போன்ற சில்லறைச் செய்திகளையே. கருவி சுமார் 1 கோடியே 36 இலட்சத்தோடு நின்றது. 2014-இல் அதற்கென வெளிவந்த 'மாரியோ கார்ட் 8' பந்தய விளையாட்டு, 2017-இல் சில சேர்க்கைகளுடன் 'ஸ்விட்ச்' கருவிக்கு மாற்றப்பட்டது. அங்கே இரண்டாவது திரை இல்லை. யாரும் அதைத் தேடவும் இல்லை. விளையாட்டு 6 கோடிக்கும் மேல் விற்றது.

ஆயினும் வீ யூவில் ஒரு நல்ல விதை இருந்தது. தொலைக்காட்சியை வீட்டில் வேறொருவர் பார்க்கும்போது, கைத்திரையிலேயே ஆட்டத்தைத் தொடர முடிந்தது. ஸ்விட்ச் அந்த ஒன்றையே எடுத்துக்கொண்டு முழுக் கருவியாக வளர்ந்தது. தாங்கியில் வைத்தால் தொலைக்காட்சியில் ஆடலாம். கையில் எடுத்தால் போகுமிடமெல்லாம் ஆடலாம். அது 15 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. உமியை ஊதிவிட்டு அரிசியை வைத்துக்கொண்ட கதை இது.

மூன்று கேள்விகள்

இவற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் உரைகல் என்ன? மூன்று கேள்விகள்.

முதலாவது: எடுத்துவிட்டால் எது குறையும்? இச்சோதனையை வரலாறே இரு முறை செய்து காட்டியிருக்கிறது. 3டி.எஸ்.-இலிருந்து முப்பரிமாணத்தை எடுத்தார்கள். பெரிதாக எதுவும் குறையவில்லை. மற்றொன்று, அதிரும் கைப்பிடி. 1997-இல் நிண்டெண்டோ ஓர் அதிர்வுப் பெட்டியை வெளியிட்டது. மோட்டார் ஒன்றின் அச்சில், ஒரு பக்கமாக எடை கூடிய துண்டு சுழலும்போது கைப்பிடி அதிரும். மிக எளிய பொறி. பார்ப்பவருக்கு வித்தையாகவே தோன்றும். அதே ஆண்டில் சோனி நிறுவனமும் அதிரும் கைப்பிடியைக் கொண்டுவந்தது. பின்னர் 2006-இல் சோனி தன் புதிய கருவியில் அதிர்வை விட்டுவிட்டது. ஆடுபவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். 2007-இலேயே அதிர்வு திரும்பி வந்தது. மோதலும் மேடுபள்ளமும் கைக்குத் தெரியவேண்டும் என்பது அதற்குள் ஆட்டத்தின் பகுதியாகிவிட்டது!

இரண்டாவது: அதை நம்பி எதையேனும் கட்ட முடியுமா? கூட்டல் குறிப் பொத்தான் ஒவ்வொரு கருவியிலும் இருந்தது. அதனால் ஒவ்வொரு விளையாட்டும் அதை நம்பியது. நிறுத்திவைக்கக்கூடிய முப்பரிமாணத்தை எவராலும் நம்ப முடியவில்லை.

மூன்றாவது: அதற்காக நாம் எதைக் கொடுக்கிறோம்? பணம் மட்டுமன்று, மின்கலம், கண், கழுத்து, பொறுமை எல்லாம் விலைதான். கேம் பாய் வண்ணத்தைக் கொடுத்து நேரத்தை வாங்கியது. வர்ச்சுவல் பாய் வசதி அனைத்தையும் கொடுத்து ஆழத்தை மட்டும் வாங்கியது.

விற்பனை எண்களை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிக்கவும் கூடாது என்பதைக் கவனியுங்கள். 3டி.எஸ். வரிசைக் கருவிகள் ஏறத்தாழ 7 கோடியே 59 இலட்சம் விற்றன. அது முப்பரிமாணத்தின் வெற்றியன்று, விளையாட்டுகளின் வெற்றி.

ஆகவே, நிண்டெண்டோ புதுமையாளரா, வித்தைக்காரரா என்று கேட்டால், இரண்டும்தான் என்பதே நேர்மையான விடை. முன்பு யாரும் செய்யாததைச் செய்துபார்ப்பவர் எவருக்கும், அது கண்டுபிடிப்பாகுமா, வித்தையாகுமா என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. தெரிந்த பின், உமியை உமியென்று ஒப்புக்கொண்டு கீழே வைக்கிறாரா என்பதே முக்கியம். 2டி.எஸ். அப்படி ஓர் ஒப்புதல்தான்.

மாணவர்கள் இன்னொன்றையும் மனத்தில் இருத்த வேண்டும். புதுமை செய்ய விலையுயர்ந்த, நேற்றுப் பிறந்த பாகங்கள்தான் வேண்டும் என்பதில்லை. கூட்டல் குறி வடிவில் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் துண்டு, கோடிக்கணக்கானோரின் கட்டைவிரலுக்குத் திசை சொல்லிக் கொடுத்திருக்கிறது. அடுத்த முறை 'புத்தம் புதியது' என்று ஒரு கருவி உங்கள் முன் வைக்கப்படும்போது, அதன் புதுமையை மனத்திற்குள் எடுத்துவிட்டுப் பாருங்கள். மீதியிருப்பதில் எது குறைகிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.